சங்கிலியும் சக்கரமும் – 14: அப்ரூவர்

சென்ற இதழில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கதையைப் பார்த்தோம். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றவர். அந்த ஏழு பட்டங்களும் பிறகு பறிபோயின என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். பறித்தது யார் என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். சோதனைக்கூடம் பறித்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்போம். நூற்றுக்கணக்கான முறை ஆம்ஸ்ட்ராங்கின் ரத்தத்தையும் சிறுநீரையும் வாங்கிப் பார்த்தும் எந்தச் சோதனைக்கூடத்தாலும் அவரை வீழ்த்த முடியவில்லை. வழக்கு வேறு பக்கமிருந்து திறந்தது. மூன்று ஆண்டுகள் அவருக்காக மலைகளில் முன்னால் போய் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டிய கூட்டாளி ஒருவர் வாயைத் திறந்தார். அவர் தானும் மருந்து எடுத்தவர், அகப்பட்டவர், அகப்பட்ட பிறகும் நான்கு வருடம் இல்லவே இல்லை என்று சாதித்தவர். அவர் பெயர் ஃபிளாய்ட் லாண்டிஸ்.

நம் கோர்ட்டுகளில் இப்படிப்பட்டவரை அப்ரூவர் என்பார்கள். கூட இருந்து குற்றம் செய்துவிட்டு, பிறகு கூட்டத்தைக் காட்டிக்கொடுப்பவர். அவரை யாருக்கும் பிடிக்காது. ஆனால் பல வழக்குகள் அவர் இல்லாமல் நிற்பதே இல்லை. சைக்கிள் பந்தய வரலாற்றின் மிகப் பெரிய வழக்கும் அப்படித்தான் நின்றது.

ராத்திரி ஓட்டம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லாங்கஸ்டர் மாவட்டத்தில், ஃபார்மர்ஸ்வில் என்றொரு சிற்றூர். 1975 அக்டோபர் 14 அன்று அங்கே ஒரு மென்னனைட் குடும்பத்தில் லாண்டிஸ் பிறந்தார். மென்னனைட்டுகள் கிறிஸ்தவத்தில் கட்டுப்பாடு மிகுந்த ஒரு பிரிவினர். எளிய உடை, எளிய வாழ்க்கை, உலக ஆடம்பரத்திலிருந்து விலகி நிற்பது அவர்களுடைய நெறி. அந்த வீட்டில் ஒரு பையன் தொடை தெரிய இறுக்கமான கால்சட்டை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையும் பாராமல் பந்தயத்துக்குப் போவது என்பது சின்ன விஷயமில்லை. ஆரம்பப் பந்தயங்களில் அவர் முழுக்கால் சட்டையோடே ஓட்டினார்.

அப்பா பால் லாண்டிஸ் அடித்துத் தடுக்கவில்லை. பையனுக்கு வேலை மேல் வேலை கொடுத்தார். பகல் முழுக்க வேலை செய்து களைத்தால் சைக்கிளைத் தொடமாட்டான் என்பது அவர் கணக்கு. பையன் ராத்திரியில் ஓட்டினான். குளிர்காலத்திலும், ஊர் அடங்கிய பின், நள்ளிரவு தாண்டி ஒரு மணி, இரண்டு மணிக்குக் கிளம்பிப் போய்வந்தான். பையன் குடி, போதை என்று எங்கேயாவது கெட்டுப்போகிறானோ என்ற பயத்தில் அப்பா சில இரவுகளில் காரை எடுத்துக்கொண்டு அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறார். பையன் சைக்கிள்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

1993-இல் அமெரிக்க இளையோர் மலைச் சைக்கிள் சாம்பியன். இருபது வயதில் வீட்டை விட்டு கலிபோர்னியாவுக்குப் போனார். தொண்ணூறுகளின் கடைசியில் சாலைப் பந்தயத்துக்கு மாறினார். 2002-இல் ஆம்ஸ்ட்ராங்கின் அணியான யு.எஸ். போஸ்டல் அவரை எடுத்துக்கொண்டது. அமெரிக்கத் தபால் துறையின் பணத்தில் ஓடிய அணி அது. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எட்டு நாள் சைக்கிளும் மூன்று வாரப் பந்தயமும்

சாலைப் பந்தயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு மருந்து என்ற கேள்விக்கு நம் பக்கத்துக் கிராமங்களிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் கம்மாபுரம், விருத்தாசலம் வட்டாரத்தில் இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிறவர் வந்துவிட்டால் ஊரே அந்தத் திடலில்தான் கிடக்கும். நடுவில் ஒரு கம்பம், சுற்றிலும் கயிறு, டியூப் லைட், ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. அவர் ஏழெட்டு நாள் கால் தரையில் படாமல் வட்டமடிப்பார். சைக்கிளிலேயே குளிப்பார், சாப்பிடுவார், சட்டை மாற்றுவார். நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து சைக்கிளில் திரும்புகிறவர்கள்கூட ஓர் எட்டு நின்று, ஆள் இறங்கித் தூங்குகிறானா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். இவன் எப்படித் தூங்காமல் இருக்கிறான் என்பதுதான் எல்லார் கேள்வியும். கூடவே, எதையோ போட்டுக்கொள்கிறான் என்ற சந்தேகமும் இருக்கும்.

1890-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த ஆறு நாள் பந்தயங்களில் அந்தச் சந்தேகம் உண்மையாகவே இருந்தது. தூக்கமில்லாமல் ஓட்டிய வீரர்களுக்கு ஸ்டிரிக்னைன், கோகெயின், காஃபீன் எல்லாம் கொடுத்தார்கள். பார்க்கச் சகிக்காத நிலைமை வந்து, ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று நியூயார்க்கில் 1898 வாக்கில் சட்டமே போட்டார்கள். மனித உடம்பால் முடிகிற அளவைத் தாண்டிப் பந்தயத்தின் நீளத்தை வைத்தால், அந்த இடைவெளியை மருந்து வந்து நிரப்பும். டூர் டி பிரான்ஸ் மூன்று வாரம், 21 கட்டம், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர், நடுவில் ஆல்ப்ஸும் பிரனீஸும். 1967 ஜூலை 13 அன்று டாம் சிம்சன் என்ற ஆங்கிலேய வீரர் மோன் வாண்டு மலையில் சரிந்து இறந்தபோது, அவர் உடம்பில் ஆம்ஃபெட்டமைனும் மதுவும் இருந்தன.

சிம்சன் காலத்து மருந்து களைப்பை மறக்கடிக்கும், அவ்வளவுதான். லாண்டிஸ் காலத்து மருந்து ரத்தத்தையே மாற்றியது. நீண்ட தூரம் ஓட்டுகிறவனுக்குத் தேவை, தசைகளுக்குப் பிராணவாயுவைத் தூக்கிக்கொண்டு போகிற சிவப்பணுக்கள். பந்தயம் மூன்றாவது வாரத்துக்குள் போகும்போது அவை குறைந்துகொண்டே வரும். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ரத்தசோகை தீர ஈ.பி.ஓ. என்ற ஊசி போடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குகிற ஹார்மோன் அது. அதே ஊசியைத் திடமான உடம்பில் போட்டால் மலை ஏறும் வேகம் கூடும். ரத்தம் கெட்டிப்பட்டு இதயம் நின்றுபோகிற ஆபத்தும் கூடும்.

2000-ஐ ஒட்டி ஈ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்கும் சோதனை வந்தது. உடனே அணிகள் பழைய வழிக்குத் திரும்பின. பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு வீரரின் ரத்தத்தையே எடுத்துப் பையில் வைத்துக்கொள்வது, மூன்றாவது வாரத்தில் அதை அவருக்கே திரும்ப ஏற்றுவது. சொந்த ரத்தம் என்பதால் அன்றிருந்த சோதனை எதிலும் சிக்காது.

லாண்டிஸ் பின்னாளில் எழுதிய விவரங்களில் இரண்டு காட்சிகள் மறக்க முடியாதவை. முதலாவது 2003-இல், ஸ்பெயின் நாட்டு ஜிரோனா நகரத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் வீட்டில் நடந்தது. படுக்கையறை அலமாரிக்குள் மறைத்து வைத்த ஒரு சின்ன ஃபிரிட்ஜில் ரத்தப் பைகள். ஆம்ஸ்ட்ராங் சில வாரம் வெளியூர் போகும்போது லாண்டிஸை வீட்டில் தங்கச் சொன்னாராம். கரன்ட் போகிறதா, ஃபிரிட்ஜின் குளிர் சரியாக இருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இரண்டாவது 2004 டூர் நடந்துகொண்டிருந்தபோது. ஒரு கட்டம் முடிந்து அணியின் பேருந்து திரும்பும் வழியில், ஆளில்லாத மலைப்பாதையில், என்ஜின் கோளாறு என்று சொல்லி ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ரிப்பேர் நடப்பதுபோல ஒரு நாடகம். உள்ளே திரை இழுத்த பேருந்தில் வீரர்கள் படுத்திருக்க, அவர்களுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

பத்து நிமிடம் இழந்தவர்

2005-இல் லாண்டிஸ் அந்த அணியை விட்டுக் காது கேட்கும் கருவி செய்யும் சுவிஸ் நிறுவனத்தின் ஃபோனாக் அணிக்குத் தலைவராகப் போனார். 2003-இல் பயிற்சியில் விழுந்து உடைத்துக்கொண்ட இடுப்பெலும்பு ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தது. அந்த வலியோடுதான் 2006 டூருக்கு வந்தார். ஆம்ஸ்ட்ராங் ஓய்வு பெற்றிருந்தார். பந்தயம் தொடங்குவதற்கு முந்தின நாள், ஸ்பெயின் போலீஸின் ரத்தப் பை வழக்கில் பெயர் அடிபட்டதால் முன்னணி வீரர்கள் யான் உல்ரிக், இவான் பாஸ்ஸோ இருவரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். களம் காலியாகக் கிடந்தது.

ஜூலை 19, பதினாறாவது கட்டம். லா துஸ்விர் மலையில், முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி போட்டிருந்த லாண்டிஸ் கண் முன்னால் உடைந்துபோனார். கட்டத்தை வென்றவரைவிடப் பத்து நிமிடம் பின்தங்கி வந்தார். மொத்தத்தில் பதினோராவது இடம், முதலிடத்தில் இருந்த ஸ்பெயின் வீரர் ஆஸ்கர் பெரெய்ரோவைவிட 8 நிமிடம் 8 நொடி பின்னால். டூரில் அந்த இடத்திலிருந்து மீள்வது அபூர்வம். அவர் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின.

மறுநாள் ஜூலை 20. சான் ஜான் டி மோரியன் ஊரிலிருந்து மோர்ஸின் வரை 200 கிலோமீட்டர், நடுவில் வரிசையாக மலைகள். முடிவுக்கு வெகு தூரம் இருக்கும்போதே லாண்டிஸ் கூட்டத்தை விட்டுத் தனியே பிரிந்து போனார். பின்னால் வந்த பெரிய அணிகள், இவன் எப்படியும் களைத்து விழுவான் என்று விட்டுவிட்டன. அவர் விழவில்லை. அணிக் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கித் தலையில் கொட்டிக்கொண்டே மலை மலையாக ஏறி இறங்கினார். அடுத்து வந்த கார்லோஸ் சாஸ்த்ரேவைவிட 5 நிமிடம் 42 நொடி முன்னால் மோர்ஸினில் கோட்டைத் தாண்டினார். எட்டு நிமிட இடைவெளி ஒரே நாளில் 30 நொடியாகச் சுருங்கியது. இரண்டு நாள் கழித்துத் தனியோட்டக் கட்டத்தில் மஞ்சள் ஜெர்சியைத் திரும்ப வாங்கி, ஜூலை 23 அன்று பாரிஸில் 57 நொடி வித்தியாசத்தில் டூரை வென்றார். டூரில் இப்படியொரு மீட்சியைப் பார்த்ததில்லை என்று பழைய ஆட்களே சொன்னார்கள்.

அந்த வெற்றிக்கு ஆயுள் நான்கு நாள்.

11:1

ஜூலை 27 அன்று ஃபோனாக் நிறுவனம் ஓர் அறிவிப்பு விட்டது. மோர்ஸினில் எடுத்த சிறுநீர் மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் அளவு முறை மீறியிருந்தது. நம் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனும், அதோடு சேர்ந்த எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொன்றும் பொதுவாக ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை ஏற்றினால் முதலாவது மட்டும் எகிறும். விதி அனுமதித்த எல்லை 4:1. பாரிஸ் அருகே ஷாத்தனே-மலாப்ரி சோதனைக்கூடம் லாண்டிஸின் மாதிரியில் கண்டது 11:1. மறுசோதனைக்கென ஒதுக்கி வைத்த ‘பி’ மாதிரியும் ஆகஸ்ட் 5 அன்று அதையே சொன்னது.

அந்தக் கூடம் இன்னொரு சோதனையும் செய்திருந்தது. கடையில் விற்கும் டெஸ்டோஸ்டிரோனைத் தாவரப் பொருளிலிருந்து தயாரிக்கிறார்கள். அதிலுள்ள கரிமத்தின் ஐசோடோப்புக் கலவை, மனித உடம்பு தானாகச் சுரப்பதிலிருந்து லேசாக மாறுபடும். அந்த வித்தியாசத்தை அளந்தால், ஹார்மோன் உடம்பில் ஊறியதா, வெளியிலிருந்து வந்ததா என்பது தெரிந்துவிடும். லாண்டிஸ் மாதிரியில் இருந்தது வெளியிலிருந்து வந்தது என்றது சோதனை.

காரணங்கள் அடுக்கடுக்காக வந்தன. முந்தின ராத்திரி துக்கத்தில் குடித்த விஸ்கி, இடுப்பு வலிக்குப் போட்ட கார்ட்டிசோன் ஊசி, தைராய்டு மாத்திரை, உடம்பில் நீர் வற்றியது, இயல்பிலேயே ஹார்மோன் அதிகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு, பிரெஞ்சுச் சோதனைக்கூடமே சரியில்லை என்றார்கள். லாண்டிஸ் தரப்பு வாதங்களுக்கென ‘ஃபிளாய்ட் ஃபேர்னஸ் ஃபண்ட்’ என்று ஒரு நிதி திரட்டப்பட்டது. அவரை நம்பிய சாதாரண ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். தன்னை நிரபராதி என்று சொல்லி அவர் ஒரு புத்தகமும் எழுதினார்.

2007 மே மாதம் கலிபோர்னியாவின் மாலிபு நகரத்தில், ஒரு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில், விசாரணை வெளிப்படையாக நடந்தது. சாட்சி சொல்ல வந்திருந்த முன்னாள் டூர் சாம்பியன் கிரெக் லெமாண்டுக்கு, அவர் கூண்டேறுவதற்கு முந்தின இரவு, லாண்டிஸின் மேலாளரிடமிருந்து மிரட்டல் தொலைபேசி வந்தது. லெமாண்ட் அதைச் சாட்சிக் கூண்டிலேயே சொல்லிவிட்டார். மேலாளர் அன்றே நீக்கப்பட்டார். இருந்தாலும், அந்தத் தரப்பு எதுவரை போகும் என்பதை நாடே பார்த்துவிட்டது.

செப்டம்பர் 20-இல் தீர்ப்பு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். 11:1 என்ற முதல் சோதனையைக் கூடம் முறைப்படி செய்யவில்லை என்று நடுவர்கள் ஒப்புக்கொண்டார்கள், அதைத் தள்ளியும் வைத்தார்கள். ஆனால் கரிமச் சோதனை நிற்கிறது, அது ஒன்றே போதும் என்றார்கள். இரண்டு வருடத் தடை. டூர் பட்டம் பெரெய்ரோவுக்குப் போனது. 2008 ஜூன் 30 அன்று விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து, எதிர்த்தரப்பு செலவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டவும் சொன்னது. அணி கலைந்திருந்தது. கல்யாண வாழ்க்கையும் முறிந்தது. அந்தச் சோதனைக்கூடத்தின் கணினிகளிலிருந்து திருடிய ஆவணங்களைப் பயன்படுத்திய வழக்கில் 2011-இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவருக்கு நிறுத்தி வைத்த சிறைத்தண்டனையும் கொடுத்தது.

புளித்த பால்

தடை முடிந்து 2009-இல் திரும்பி வந்தபோது பெரிய அணி எதுவும் அவரைச் சேர்க்கவில்லை. 2010-இல் அவர் அணியை டூர் ஆஃப் கலிபோர்னியா பந்தயத்துக்கு அழைக்கவில்லை. ஆம்ஸ்ட்ராங்கோ ஓய்விலிருந்து திரும்பி வந்து, மாலை மரியாதையோடு ஓட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே பேருந்தில் படுத்து ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். ஒருவர் கடவுள், ஒருவர் தீண்டத்தகாதவர்.

2010 ஏப்ரல் 30 அன்று அமெரிக்க சைக்கிள் சங்கத் தலைவருக்கு லாண்டிஸ் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். ஆண்டு வாரியாக யார், எங்கே, எந்த மருந்து என்று எழுதியிருந்தார். தோலில் ஒட்டும் டெஸ்டோஸ்டிரோன் பட்டை, ஈ.பி.ஓ., வளர்ச்சி ஹார்மோன், ரத்தப் பை எல்லாம் இருந்தன. தன் பெயரை முதலில் வைத்தார். ஆம்ஸ்ட்ராங்கையும் அணி மேலாளர் யோஹான் பிரெய்னீலையும் சொன்னார். மே 20 அன்று விஷயம் பத்திரிகையில் வெடித்தது. அந்த வாரத்தில்தான் தன் தாய்க்கு போன் போட்டு முதன்முறையாக உண்மையைச் சொன்னதாக அவரே ஒரு பேட்டியில் கூறினார்.

யாரும் நம்பவில்லை. ஆம்ஸ்ட்ராங்கின் பதில் சுருக்கமானது: அவர் சொல்லுக்கு எதிராக எங்கள் சொல், எங்கள் சொல்லே எங்களுக்குப் போதும். லாண்டிஸின் நம்பகத்தன்மை புளித்துப்போன பால் மாதிரி, ஒரு வாய் குடித்தாலே போதும், மிச்சத்தைக் குடித்துப் பார்க்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதுதான். அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது. நிரபராதி என்று புத்தகம் எழுதி, ஜனங்களிடம் பணம் வாங்கி, சாட்சியை மிரட்டிய தரப்பிலிருந்து வந்த ஆள் இப்போது திடீரென்று உண்மை பேசுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் பந்தயத்துக்கு அழைப்பு வராத கோபத்தில் பேசுகிறவரை?

நம்முடைய 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இந்தச் சிக்கலை அழகாகக் கையாண்டது. குற்றக் கூட்டாளியும் சாட்சி சொல்லத் தகுதியானவன் என்றது அதன் 133-ஆம் பிரிவு. முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காதவரை அவன் பேச்சை நம்பத்தகாததாகக் கருதலாம் என்றது 114-ஆம் பிரிவு. அப்ரூவரின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கத் தயங்கு, அவன் கைகாட்டிய இடத்தில் போய்த் தோண்டிப் பார். புதிய சட்டங்கள் வந்த பிறகும் இதன் சாரம் மாறவில்லை.

அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை செய்தது அதைத்தான். லாண்டிஸ் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனது. அரசின் குற்றவியல் விசாரணை 2012 பிப்ரவரியில் காரணம் சொல்லாமல் மூடப்பட்டபோதும் முகமையின் தலைவர் டிராவிஸ் டைகார்ட் விடவில்லை. ஜார்ஜ் ஹின்காபி, லீவை லைப்ஹைமர், டேவ் ஜப்ரிஸ்கி, டைலர் ஹாமில்டன் எனப் பழைய கூட்டாளிகள் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். இவர்களில் ஹின்காபி முக்கியமானவர். ஏழு வெற்றிகளிலும் ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் ஓட்டியவர், எவர்மீதும் பகை இல்லாதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் வாய் திறந்த பிறகு, கோபத்தில் பேசுகிறார்கள் என்ற வாதம் எடுபடவில்லை.

2012 அக்டோபர் மாதம் ஒரு வேடிக்கையும் நடந்தது. உலக சைக்கிள் சங்கத்தை ஊழல் சங்கம் என்று பேசியதற்காக லாண்டிஸ்மீது போட்ட அவதூறு வழக்கில், மாதத் தொடக்கத்தில் சுவிஸ் நீதிமன்றம் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த சில நாளில், 10-ஆம் தேதி, முகமையின் அறிக்கை வெளியானது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஆதாரம், 26 சாட்சிகள், அதில் 15 பேர் சைக்கிள் வீரர்கள். 22-ஆம் தேதி அதே உலகச் சங்கம் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களையும் பறித்தது. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஆம்ஸ்ட்ராங்கே ஒப்புக்கொண்டார். மின்னஞ்சலுக்கும் ஒப்புதலுக்கும் நடுவே இரண்டரை ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது. லாண்டிஸ் முன்பு சொன்ன பொய்க்குச் சைக்கிள் உலகம் கட்டிய வட்டி அந்த இரண்டரை ஆண்டு.

தபால் துறைப் பணம்

யு.எஸ். போஸ்டல் அணிக்குப் பணம் கொடுத்தது அரசின் தபால் துறை என்று முன்பு சொன்னேன். அமெரிக்காவில் 1863-இல், உள்நாட்டுப் போரின்போது, படைக்கு மட்டமான சரக்கு விற்று ஏமாற்றிய ஒப்பந்ததாரர்களைப் பிடிக்க ஒரு சட்டம் வந்தது. லிங்கன் சட்டம் என்றும் அதைச் சொல்வார்கள். அரசை ஏமாற்றியவர்மீது தனிமனிதன் அரசின் சார்பில் வழக்குப் போடலாம், ஜெயித்தால் மீட்கும் பணத்தில் அவனுக்கும் பங்கு உண்டு. 2010-இல் லாண்டிஸ் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார். மருந்து எடுக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மூன்று கோடி டாலருக்கு மேல் தபால் துறைப் பணத்தை வாங்கியது மோசடி என்பது வழக்கு. ஆம்ஸ்ட்ராங் ஒப்புக்கொண்ட அடுத்த மாதமே அரசும் வழக்கில் சேர்ந்துகொண்டது. மும்மடங்கு நஷ்டஈடு என்றால் கிட்டத்தட்ட பத்துக் கோடி டாலர்.

2018 ஏப்ரலில் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் லாண்டிஸின் பங்கு 11 லட்சம். அவருடைய வக்கீல் செலவுக்கு 16.5 லட்சம் டாலரை ஆம்ஸ்ட்ராங் தனியே கொடுத்தார். திருட்டில் பங்கு வாங்கியவன், திருட்டைக் காட்டிக்கொடுத்தும் பங்கு வாங்கினான் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது. பொய் சொல்லித் திரட்டிய நிதிக்காக அவர்மீதும் வழக்கு வந்தது. பணம் கொடுத்த 1,765 பேருக்கு 4,78,354 டாலரைத் திருப்பித் தருவதாக 2012-இல் ஒப்புக்கொண்டார். பிறகு கொலராடோ மாநிலத்தில் கஞ்சா சார்ந்த பொருள்கள் விற்கும் தொழில் தொடங்கி, 2019-இல் ஒரு சிறிய சைக்கிள் அணியும் நடத்தினார்.

அவருடைய ஒப்புதலில் ஒரு முரண்டும் மிச்சமிருந்தது. எல்லாம் எடுத்தேன் என்றவர், தன்னைச் சிக்கவைத்த அந்த டெஸ்டோஸ்டிரோனை மட்டும் அந்த நாளில் எடுக்கவில்லை என்றே சொன்னார். அப்ரூவர் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று கடைசிவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கம்

இது வெள்ளைக்காரர் விவகாரம் என்று கடந்துபோக முடியாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213 சிக்கின. நூற்றுக்கு 3.8. ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் இதுவே மிக அதிகமான விகிதம். திருச்சி முடிகண்டம் கிராமத்திலிருந்து போய் 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய 800 மீட்டர் தங்கம் வென்ற கோமதி மாரிமுத்துவை நாம் கொண்டாடிய சில வாரங்களில், அவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய செய்தி வந்தது. அவர் மறுத்தார். நாண்ட்ரலோன் வழக்கில் நான்கு ஆண்டுத் தடையும், பதக்க இழப்பும் மிஞ்சின.

ஒவ்வொரு முறையும் ஓடியவரின் பெயர் தலைப்பில் வருகிறது, கொடுத்தவரின் பெயர் அபூர்வமாகத்தான் வருகிறது. 2011-இல் இந்தியாவின் தொடர் ஓட்ட வீராங்கனைகள் வரிசையாகச் சிக்கியபோது உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஒகரோட்னிக் வேலையிழந்தார். அதற்கு மேல் சங்கிலி எங்கே போனது என்று நாட்டுக்குத் தெரியவே இல்லை. விதியில் வழி இல்லாமல் இல்லை. சிக்கிய வீரர் பிறரின் குற்றத்தை வெளிக்கொண்டுவர உருப்படியாக உதவினால், தடையின் முக்கால் பங்கு வரை நிறுத்தி வைக்க உலக விதிகள் இடம் தருகின்றன. ஆனால் நம் கிராமத்துப் பெண் ஒருத்தி, வேலையும் மானமும் போன நிலையில், பயிற்சியாளரின் பெயரையோ மருந்துக்காரரின் பெயரையோ சொல்ல எந்தத் தைரியத்தில் முன்வருவாள்? தகவல் சொல்வோரைக் காக்கும் சட்டம் 2014-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியும் நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. நெடுஞ்சாலைத் திட்டத்து முறைகேடுகளைப் பிரதமருக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு எழுந்த கோரிக்கையின் விளைவு அந்தச் சட்டம். அவர் மேல் ஒரு கறையும் கிடையாது. சுத்தமானவருக்கே இந்தக் கதி என்றால் கறை பட்டவர் எப்படிப் பேசுவார்?

லாண்டிஸ் நல்லவர் இல்லை. நல்லவர்கள் அந்தப் பேருந்தில் ஏறியிருக்கவும் மாட்டார்கள், ஏறாதவர்களுக்கு உள்ளே நடந்தது தெரிந்திருக்கவும் நியாயமில்லை. உள்ளே இருந்தவர் பேசினால்தான் உண்டு. அவர் எந்தக் கோபத்தில் பேசினாலும், பேச ஒரு சட்டமும், கேட்டுப் போய்த் தோண்ட ஓர் அமைப்பும் அங்கே இருந்தன. நம்மிடம் மாதிரிப் புட்டிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. அப்ரூவர் ஒருவர்கூட வரவில்லை.

(தொடரும்)

அடுத்த இதழில்: சொந்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டாலும் காட்டிக்கொடுக்கிற ‘ரத்தப் பாஸ்போர்ட்’ எப்படி வந்தது?